பெயர் சொல்லாக் கொடை: கேண்டன் நகரின் 1933ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ்

ஈகைக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனோடு அமையாது, இரவு என ஓர் அதிகாரமும் இரவச்சம் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கொடுப்பவன் சிறப்பைப் பேசுவது உலக வழக்கு. கேட்க நேர்ந்தவன் உள்ளத்தில் நிகழும் போராட்டத்தைத் தனியே எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. உதவியை ஏற்கும் கை தாழ்ந்து நிற்கிறது. அந்தத் தாழ்வு பசியினும் கொடியதாகப் பலருக்குத் தோன்றுகிறது. ஆகவேதான் வறுமையுற்ற குடும்பங்கள் பல, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வாடுகின்றன.

இவ்வுண்மையை நன்குணர்ந்த ஒருவர், அமெரிக்க நாட்டின் ஒரு தொழில் நகரில், 1933ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் செய்த ஒரு செயலை இக்கட்டுரை கூறுகிறது. அச்செயலில் செலவான பணம் 750 டாலர் மட்டுமே. அதைச் செய்தவர் யார் என்பது 75 ஆண்டுகள் வரை அந்நகருக்குத் தெரியாது. எனினும் ஈவோர்க்கும் ஏற்போர்க்கும் இடையே இருக்க வேண்டிய உறவு எத்தகையது என்பதை விளக்க இதனினும் தெளிவான வரலாறு கிடைப்பது அரிது.

நகரும் காலமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ளது கேண்டன் நகரம். 1930ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரின் மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து 1901இல் சுட்டுக் கொல்லப்பட்ட வில்லியம் மெக்கின்லி வாழ்ந்த ஊர் அது. அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. உருளைத் தாங்கிகள் செய்யும் டிம்கன் தொழிற்சாலையும் எஃகு ஆலைகளும் அந்நகருக்குச் சோறு போட்டன. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் அங்கே மிகுதி. ஆலைச் சங்கு ஒலிக்கும் வரையில் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

1929ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றை உலக வரலாறு பெருமந்தம் என்று குறிக்கும். 1932ஆம் ஆண்டிற்குள் அமெரிக்கத் தொழில் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1933இல் வேலையற்றோர் தொகை 1 கோடியே 28 லட்சம். அதாவது, உழைக்கும் மக்களில் நால்வருள் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இருந்தவர்களுள்ளும் பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே ஆலைக்குள் அனுமதிக்கப்பட்டனர். 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் ஒன்பதாயிரம் வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத் தொகைக்குக் காப்பீடு என்பது அந்நாளில் இல்லை. அது 1934 ஜனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, வங்கிக் கதவு சாத்தப்பட்டபோது, ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதனோடு போயிற்று.

அரசு என்ன செய்தது? வறியோரைக் காப்பது நடுவணரசின் கடமை அன்று, அது உள்ளூராட்சிகளும் அறநிலையங்களும் செய்ய வேண்டிய பணி என்பதே அதுவரை அந்நாட்டில் நிலவிய கொள்கை. 1932இல்கூட நடுவணரசு மாநிலங்களுக்குத் துயர்தணிப்புப் பணத்தைக் கடனாகவே கொடுத்தது. 1933 மார்ச்சு 4ஆம் நாள் பிராங்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் 50 கோடி டாலர் துயர்தணிப்புக்கென ஒதுக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கப்பட்ட பொதுப்பணித் திட்டம் 1934 ஜனவரிக்குள் 40 லட்சம் பேருக்கு வேலை தந்தது. ஆயினும், நான்கு குளிர்காலங்களைக் கடந்து வந்திருந்த குடும்பங்களுக்கு 1933 டிசம்பர் இருள் நிறைந்த மாதமாகவே இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அந்நாட்டில் அத்திருநாள் குழந்தைகளின் திருநாள். காலையில் எழுந்து தனக்கென்று வைக்கப்பட்ட பொருளைத் தேடும் குழந்தைக்கு மந்தம் என்றால் என்னவென்று தெரியாது. வெறுங்கையுடன் நிற்கும் தாய் தந்தையருக்கோ அந்த ஒரு நாள் ஆண்டு முழுவதையும்விட நீண்டதாக இருந்தது.

நாளிதழில் வந்த அறிவிப்பு

1933 டிசம்பர் 18, திங்கட்கிழமை. 'கேண்டன் ரிப்பாசிட்டரி' என்னும் உள்ளூர் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. மந்தத்தால் நொடித்துப்போய், உதவி நிலையங்களின் வாயிலில் சென்று நிற்கக் கூசும் குடும்பங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 10 டாலர் வீதம் 75 குடும்பங்களுக்கு உதவ ஒருவர் முன்வந்துள்ளார் என்பதே செய்தி. தம் உண்மை நிலையை விளக்கிக் கடிதம் எழுதினால் போதும். கடிதத்தை அனுப்ப வேண்டிய பெயர் பி. விர்டாட், வீட்டு முகவரி இல்லை, கேட்டு வருவோருக்காக அஞ்சலகத்திலேயே வைத்திருக்கும் முறையில் கடிதங்கள் சேரும். எழுதுவோர் பெயர் எக்காலத்தும் வெளியிடப்படமாட்டாது என்ற உறுதியும் தரப்பட்டிருந்தது. கொடுப்பவரும் வாழ்வில் அடிபட்டு எழுந்தவரே என்ற குறிப்பும் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, ஏற்பவர் எவர் முன்னும் நிற்க வேண்டியதில்லை. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து அடுக்களைப் பானையைத் திறந்து பார்க்கமாட்டார். அண்டை வீட்டார் அறியமாட்டார். மற்றொன்று, கொடுப்பவரின் பெயரும் மறைந்திருந்தது. பிற்காலத்தில் தெருவில் எதிர்ப்பட்டால், 'இவர் கையால் வாங்கி உண்டோம்' என்று தலைகுனிய வேண்டிய தேவையும் இல்லை. பி. விர்டாட் என்ற பெயரில் ஊரில் எவரும் இல்லை.

அறிவிப்பு எழுத்தர், வணிகர், அலுவலர் என்று வெள்ளைச் சட்டை அணிந்து வேலை செய்தோரை முதன்மையாக எண்ணி எழுதப்பட்டது. முன்னர் நன்றாக வாழ்ந்து பின்னர் வீழ்ந்தவரே கேட்க மிகவும் நாணுவர் என்பது கொடையாளரின் கருத்து. இக்கருத்து முழுதும் சரியன்று என்பதை அடுத்த சில நாட்கள் காட்டின. கடிதங்கள் எல்லாத் தரத்து மக்களிடமிருந்தும் வந்தன. கூலி வேலை செய்தவரும், ஆலைத் தொழிலாளரும், கைம்பெண்களும், சிறுவர் சிறுமியரும் எழுதினர். நாணம் என்பது முன்னாள் செல்வரின் தனியுடைமை அன்று. பரம்பரை ஏழைக்கும் தன்மதிப்பு உண்டு, கேட்கத் துணியும்போது அவன் நெஞ்சும் அவ்வாறே துடிக்கிறது என்பதை அக்கடிதங்கள் மெய்ப்பித்தன. அறிவித்தவரும் அவ்வேறுபாட்டைப் பாராட்டவில்லை. எவர் எழுதினர் என்று பாராது, என்ன எழுதினர் என்றே பார்த்தார்.

வந்த கடிதங்களின் தொகை எதிர்பார்த்ததை மிஞ்சிற்று. 75 குடும்பங்களைத் தேர்ந்து ஏனையோரைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே 10 டாலரை 5 டாலராக்கி, 150 குடும்பங்களுக்குக் காசோலை அனுப்பினார். கிறிஸ்துமஸ் வாரத்தில் அக்காசோலைகள் வீடுகளை அடைந்தன.

ஐந்து டாலர் என்பது இன்று கேட்க அற்பமாகத் தோன்றும். அந்நாளில் ஒரு ராத்தல் ரொட்டி ஏறத்தாழ 7 சென்ட்டு. எனவே, அத்தொகை எழுபது ராத்தல் ரொட்டிக்கு ஈடானது. 2008ஆம் ஆண்டு மதிப்பில் கூறினால் 80 டாலருக்கு மேல். குழந்தைகளுக்குக் காலணியும், அடுப்புக்குக் கரியும், ஒரு வேளை நல்ல உணவும், சிறு விளையாட்டுப் பொருளும் வாங்க அது போதும்.

கடிதங்களில் தெரியும் வாழ்க்கை

பிற்காலத்தில் வெளிவந்த அக்கடிதங்கள் பெருமந்தத்தின் வரலாற்றைப் புள்ளி விவரங்களைக் காட்டிலும் தெளிவாகக் கூறுகின்றன. கிடைத்த தாளில், கிடைத்த எழுதுகோலால் எழுதப்பட்டவை அவை. பெரும்பாலானவற்றில் ஒரே முறைமை காணப்படுகிறது. முதலில் தாம் சோம்பேறிகள் அல்லர் என்பதை எழுதியவர் நிலைநாட்டுகிறார். எத்தனை ஆண்டு எங்கே உழைத்தோம் என்று கூறுகிறார். அடுத்து, தர்மம் கேட்பதைவிட வேலை கிடைத்தால் மகிழ்வோம் என்கிறார். இறுதியில், தமக்கென்று கேளாமல், பிள்ளைகளுக்கென்று கேட்கிறார்.

ஒரு காலத்தில் மோட்டார் வண்டி வணிகம் நடத்தி, நகரப் பெருமக்களுள் ஒருவராய் விளங்கிய ஒருவர் எழுதினார். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அண்டை வீட்டில் இரவல் வாங்கிய நாளிதழில் அறிவிப்பைப் படித்துவிட்டு, தனக்கு உடுக்க உடை வேண்டும் என்றும், சில நாட்களில் வீட்டில் உணவே இருப்பதில்லை என்றும் எழுதினாள். நாளிதழ் வாங்கவும் வழியற்ற வீடு அது. ஆனால் படிக்கவும் எழுதவும் கற்றிருந்த ஒரு பெண் குழந்தை அவ்வீட்டில் இருந்தாள். அவள் கற்ற எழுத்தே அன்று அக்குடும்பத்தின் தூதாயிற்று.

ஒரு குடும்பம்

இக்கடிதங்களுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகக் காண்போம்.

நகருக்கு வெளியே மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாலுக்காக மாதம் 135 டாலர் வாங்கிய குடும்பம் அது. 1933 டிசம்பரில் கைக்கு வந்த தொகை 12 டாலர். மாடுகள் குறைந்துவிடவில்லை, உழைப்பும் குறையவில்லை. பாலின் விலைதான் வீழ்ந்தது. மந்த காலத்தில் வேளாண் பொருள்களின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. நகரத்தில் பால் வாங்குவோர் கொடுத்த விலையில் சிறு பகுதியே உற்பத்தி செய்தவன் கைக்கு வந்து சேர்ந்தது. அதே 1933ஆம் ஆண்டில், விஸ்கான்சின் மாநிலத்துப் பால் உற்பத்தியாளர் விலை கேட்டு வேலை நிறுத்தம் செய்து, பாலைச் சாலையில் கொட்டினர். அவர்களை அடக்கப் படை வந்தது. பட்டினி கிடந்த குழந்தைகளும் கொட்டப்பட்ட பாலும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தமை அப்பொருளாதாரத்தின் முரண்பாட்டைக் காட்டும்.

அக்குடும்பத்தின் தாய் கடிதம் எழுதினாள். மூத்த மகனுக்கு வயது ஆறு, பள்ளிக்குச் செல்கிறான், காலணி கிழிந்து விரல்கள் வெளியே தெரிகின்றன. மகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாட்களுக்கு முன் நான்கு வயது நிறைகிறது. கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது. ஐந்து டாலர் கிடைத்தால் அதுவே தனக்கு விண்ணுலகம் என்ற கருத்துப்பட அவள் எழுதினாள். தான் எழுதுவது கணவனுக்குத் தெரியாது என்றும், அஞ்சல் தலை வாங்கவும் காசில்லை, தபால்காரரை வேண்டி அனுப்பப்போகிறேன் என்றும் முடித்தாள்.

இக்கடிதத்தில் வரும் ஒவ்வொரு செய்தியும் ஒரு குடும்பத்தின் உள்ளத்தை வெளிப்படுத்துகிறது. கணவனுக்குத் தெரியாமல் எழுதியது வஞ்சனை அன்று. அவன் தன்மதிப்பைக் காப்பதற்காகவே அவள் அந்தச் சுமையைத் தான் மட்டும் ஏற்றாள். முதலில் கேட்டது விளையாட்டுப் பொருளன்று. பள்ளிக்குச் செல்லும் மகனின் காலணி. பெயர் தெரியாத தபால்காரரின் உதவியையும் இங்கே மறந்துவிடலாகாது. அவர் மறுத்திருந்தால் அக்கடிதம் அந்த வீட்டைவிட்டே வெளிவந்திராது. ஒரு பெரிய உதவி வந்து சேர்வதற்கு முன், எவரும் குறித்து வைக்காத சிறிய உதவிகள் பல அதற்கு வழி அமைக்கின்றன.

காசோலை வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான்கு வயது மகள் கடைக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். அங்கே ஒரு மரக் குதிரை அவளுக்குக் கிடைத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. பெற்றோர் சொல்லவும் இல்லை. ஆனால் குதிரை மீது கொண்ட அன்பு அவள் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. வளர்ந்தபின் அவள் குட்டையினக் குதிரைகளை வளர்த்தாள். தாயின் கடிதத்தை முதன்முதலாக அவள் கண்டபோது எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. வாழ்ந்த காலத்தில் தாய் வாய்திறந்து சொல்லாத துன்பத்தை, அத்தாயின் கையெழுத்தே மகளுக்குச் சொல்லிற்று.

கொடுத்தவர் யார்?

பி. விர்டாட் யார் என்று அந்நகர மக்கள் பல காலம் ஊகித்து, பின்னர் மறந்தனர். 2008ஆம் ஆண்டில், டெட் கப் என்னும் பத்திரிகையாளரின் தாயார், பழைய பெட்டி ஒன்றை மகனிடம் கொடுத்தார். அதனுள் 1933 டிசம்பர்த் தேதியிட்ட கடிதங்களும், பணமாக்கப்பட்டுத் திரும்பிய காசோலைகளும், நன்றிக் கடிதங்களும் இருந்தன. காசோலைகளில் பி. விர்டாட் என்ற கையொப்பம் இருந்தது. அது டெட் கப்பின் தாய்வழிப் பாட்டனாரான சாமுவேல் ஸ்டோன் வைத்துக்கொண்ட புனைபெயர். தம் மூன்று பெண் மக்களின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்து அவர் அதை ஆக்கியிருந்தார். ஸ்டோன் கேண்டன் நகரில் ஆயத்த ஆடைக் கடை நடத்தியவர், 1981இல் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் தம் கொடையைப் பற்றி அவர் விளம்பரம் தேடவில்லை.

2008 டிசம்பரில் டெட் கப் இச்செய்தியை 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதினார். கடிதம் எழுதியோரின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று, அவர்தம் குடும்ப வரலாறுகளைத் திரட்டி, 'ஒரு மறைவான கொடை' என்று பொருள்படும் தலைப்பில் 2010இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த ஆராய்ச்சியில் மற்றொரு மறைவும் வெளிப்பட்டது. தாம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்ததாகவே சாமுவேல் ஸ்டோன் கூறிவந்தார். ஆவணங்களிலும் அவ்வாறே எழுதினார். உண்மையில் அவர் ருமேனியாவின் வடபகுதியில் உள்ள டொரோஹோய் என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டோன் என்பதும் அவர் பிறவிக் குடும்பப் பெயர் அன்று, அது ஃபிங்கல்ஸ்டீன்.

ஒளித்து வைத்த காலணிகள்

ஒருவர் தம் பிறந்த ஊரையும் குடும்பப் பெயரையும் ஏன் மறைக்க வேண்டும்? அதற்கு விடை ருமேனிய நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது.

1878ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கை, சமயத்தைக் காரணம் காட்டி எவருக்கும் குடியுரிமை மறுக்கலாகாது என்று ருமேனியாவுக்கு நிபந்தனை விதித்தது. ருமேனியா அந்நிபந்தனையை ஏற்பதுபோல் காட்டி, 1879இல் தன் அரசியலமைப்பைத் திருத்திற்று. அதன்படி, யூதர் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, ஒவ்வொருவருக்கும் நாடாளுமன்றம் தனித்தனியே இசைவு தர வேண்டும். எழுத்தில் உரிமை, நடைமுறையில் மறுப்பு. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தோர் அயலார் என்றே எண்ணப்பட்டனர். பல தொழில்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. 1893ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், இலவசக் கல்வி ருமேனியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்றும், அயலார் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. பள்ளியில் இடம் எஞ்சினால் மட்டுமே அவர்தம் பிள்ளைகளுக்கு இடம். கல்விக் கதவை அடைத்தால் ஒரு சமூகத்தை எழவொட்டாமல் செய்யலாம் என்பதை ஆட்சியாளர் எக்காலத்தும் அறிந்தே இருந்தனர்.

1900ஆம் ஆண்டையொட்டி ருமேனிய யூதர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு வெளியேறினர். வண்டிச் சத்தத்துக்கு வழியற்ற இளைஞர் குழுக்கள் துறைமுகங்களை நோக்கி நடந்தே சென்றன. 1902இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஹே இக்கொடுமைகளைக் கண்டித்து ஐரோப்பிய வல்லரசுகளுக்குக் குறிப்பு அனுப்பினார். அதே 1902இல் சாமுவேலின் குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது.

வந்த இடத்திலும் வறுமை விடவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் அவர் தந்தை, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடாதிருக்க அவர்தம் காலணிகளை ஒளித்து வைத்தார். சாமுவேலும் உடன்பிறந்தோர் அறுவரும் வீட்டுப் பரணில் அமர்ந்து சுருட்டுச் சுற்றினர். பின்னர் அவர் படகிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். அழுக்கேறிய புட்டிகளைக் கழுவும் வேலையில் அமிலம் அவர் விரல் நுனிகளை அரித்தது. என்னவென்று அறியாமலே வேலை நிறுத்தத்தை முறியடிக்கும் ஆளாக அழைத்துச் செல்லப்பட்டு அடியும் பட்டார். நடுவயதில் கடையும் வீடும் கைநழுவும் நிலைக்கு வந்து தப்பினார். தாமும் அடிபட்டவர் என்று நாளிதழ் அறிவிப்பில் கண்ட குறிப்பு வெறும் சொல்லன்று.

1933 டிசம்பரில், மகனுடைய காலணிக்காக ஒரு தாய் எழுதிய கடிதத்தைப் பிரித்தவர், சிறு வயதில் காலணி இன்மையால் பள்ளியை இழந்த மனிதர்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களின் திருநாள், கொடுத்தவர் யூதர். 1920களில் ஒஹாயோ மாநிலத்தில், கறுப்பினத்தாரையும் யூதரையும் கத்தோலிக்கரையும் பகைத்த கூ குளக்ஸ் கிளான் இயக்கம் பெருவலிமை பெற்றிருந்தது. 1933 ஜனவரியில் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அத்தகைய ஆண்டில், தம் பெயரையும் பிறப்பையும் முன்வைக்காமல், அயல் சமயத்தாரின் திருநாளில் அவர்தம் பிள்ளைகள் மகிழ வேண்டும் என்று ஒருவர் எண்ணினார். பிறப்பைக் கேட்ட உலகிலிருந்து தப்பி வந்தவர், பிறப்பைக் கேளாமல் கொடுத்தார். அவர் விட்டுவந்த டொரோஹோய் ஊரில் 1940 ஜூலை முதல் நாளன்று ருமேனியப் படைவீரர் யூதர்களைக் கொன்று குவித்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஈகையும் உரிமையும்

சாமுவேல் ஸ்டோனைப் போற்றும்போதே, அவர் செயலின் எல்லையையும் நாம் மறைக்கலாகாது. ஐந்து டாலர் ஒரு வாரத்தைக் கடத்தும், ஓராண்டைக் கடத்தாது. காசோலை பெற்ற குடும்பங்கள் பல அதன் பின்னும் நெடுங்காலம் துன்புற்றன. நற்குணமுள்ள ஒருவர் ஊரில் இருந்தால் உண்பது, இல்லையேல் பட்டினி கிடப்பது என்ற நிலை நாகரிகச் சமுதாயத்துக்கு அழகன்று. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வேலையிழந்த நாட்டில் தனிமனிதர் ஈகை கடலில் கரைத்த பெருங்காயமே.

இதை அந்நாடும் உணர்ந்தது. 1935 ஆகஸ்டு 14ஆம் நாள் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியோருக்கு ஓய்வூதியமும், வேலையிழந்தோருக்குக் காப்பீடும் அதன் வழியே சட்டப்படி கிடைக்கும் உரிமைகளாயின. கேட்பவன் கூசி நிற்க வேண்டாம், தனக்குரியதைப் பெறுகிறான். ஆனால் அச்சட்டத்திலும் ஒரு பெருங்குறை இருந்தது. பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் அதனின்று விலக்கப்பட்டனர். அந்நாட்டுக் கறுப்பினத் தொழிலாளருள் பெரும்பாலோர் அவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். எவர் மிகுதியும் வறுமையுற்றாரோ அவரே உரிமையின் வாயிலுக்கு வெளியே நின்றனர். 1950லும் 1954லும் செய்யப்பட்ட திருத்தங்களால்தான் அவர்களுள் பெரும்பகுதியினர் உள்ளே வந்தனர்.

ஆகவே, ஈகை உரிமைக்கு ஈடாகாது. எனினும், உரிமை வந்து சேரும் வரையில் குழந்தை வெறுங்காலுடன் காத்திருக்க முடியாது. சட்டம் வரும் வரை உயிரைக் காப்பது ஈகை. ஈகைக்குக் கையேந்தும் நிலையை ஒழிப்பது சட்டம். ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்ய இயலாது. இரண்டும் வேண்டும்.

நன்றி

பெயர் தெரியாதவருக்கு எவ்வாறு நன்றி கூறுவது? காசோலை பெற்றோர் சிலர் அதே புனைபெயருக்கு, அதே அஞ்சலக முகவரிக்கு நன்றிக் கடிதம் எழுதினர். அக்கடிதங்களைச் சாமுவேல் ஸ்டோன் எறிந்துவிடாமல் பெட்டியில் காத்து வைத்தார். கொடுத்தவர் யாரென அறிந்தால் நன்றி அவரோடு முடிந்துவிடக்கூடும். அறியாதபோது, அந்நன்றிக்கு உரியவர் ஊரில் எவராகவும் இருக்கலாம். கடையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும், 'இவராக இருக்குமோ' என்று அன்புடன் நோக்க வேண்டியதாகிறது.

2010 நவம்பரில், கேண்டன் நகரின் பழைய அரண்மனை அரங்கில், கடிதம் எழுதியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்றுகூடினர். கடிதம் எழுதியோருள் அன்று உயிருடன் இருந்தவர் என அறியப்பட்டவர் ஒருவரே. பதினான்கு வயதில் இரவல் நாளிதழைப் படித்து உடை வேண்டும் என்று எழுதிய அச்சிறுமி, தொண்ணூறு வயது மூதாட்டியாய் அவ்வரங்கிற்கு வந்தார். தாம் எழுதிய கடிதத்தைத் தாமே அவையோர் முன் படித்தார். அன்று எவரும் அறியக்கூடாது என்று எழுதியதை, அன்றைக்கு அவர் தலைநிமிர்ந்து உரக்கப் படித்தார். வறுமை குற்றமன்று, அதைச் சொல்லக் கூசிய காலம் கடந்துவிட்டது. அவர் குரலைக் கேட்டவர் பலருக்குத் தம் பெற்றோர் பட்ட துன்பம் அன்றுதான் தெரிந்தது.

பிறர் உதவியால் படித்தோரும், பிறரைப் படிக்க வைப்போரும் இவ்வரலாற்றை நெஞ்சில் இருத்த வேண்டும். உதவி பெறும் மாணவனை மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கம் எங்கும் பெருகியுள்ளது. கொடுப்போர் பெயர் கல்லில் பெரிதாகவும், பெறுவோர் முகம் மேடையில் தாழ்ந்தும் இருப்பதைக் காண்கிறோம். பள்ளி செல்லும் பிள்ளையின் காலுக்குக் காலணி வேண்டும். அதனோடு அப்பிள்ளையின் தலை நிமிர்ந்தும் இருக்க வேண்டும். அவ்விரண்டையும் ஒருசேர எண்ணியவர் சாமுவேல் ஸ்டோன். ஐந்து டாலர் காசோலைகள் நூற்றைம்பதும் அந்த வாரத்திலேயே செலவாகிவிட்டன. அவற்றைப் பெற்ற எவரையும் அவர் ஒருநாளும் தலைகுனிய வைக்கவில்லை.